விமான நிலையத்தில் வழி தவறுவது யார் குற்றம்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், வளைகுடா நாடொன்றின் பெரும் விமான நிலையத்தில் அதிகாலை வேளையொன்றில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தபோது, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் தயக்கத்துடன் அருகில் வந்தார். "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று கேட்டார். ஆம் என்றதும் அவர் முகத்தில் தோன்றிய ஆறுதலை விபரிக்க வார்த்தைகள் போதா. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் கடவுச்சீட்டும் ரொறன்ரோ செல்லும் விமானத்துக்கான போர்டிங் பாசும் இருந்தன. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து தனியாகப் புறப்பட்டிருந்தார். மருமகன் சக்கர நாற்காலிக்கு முற்கூட்டியே பதிவு செய்திருந்தாராம். நாற்காலியைத் தள்ளி வந்த பணியாளர் ஓரிடத்தில் அவரை அமர்த்திவிட்டு, ஏதோ சொல்லிவிட்டுச் சென்று ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. "ஏனம்மா, நடக்கிறது கஷ்டமோ?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்றும் நினைவில் இருக்கிறது. "கால் நல்லாத்தான் இருக்குத் தம்பி. இங்கிலீசுதான் நொண்டுது."

சிரிப்பை வரவழைத்த அந்தப் பதிலில், இன்றைய சர்வதேச விமானப் பயணம் பற்றிய கசப்பானதோர் உண்மை அடங்கியிருக்கிறது. தெற்காசியாவிலிருந்து மேற்கு நாடுகளுக்குச் செல்லும் விமானங்களில் சக்கர நாற்காலி கோரும் முதியோரின் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருவதாக விமான சேவை நிறுவனங்கள் பகிரங்கமாகவே கூறி வருகின்றன. ஏறும்போது நாற்காலியில் வந்தவர்கள் இறங்கும்போது விறுவிறுவென்று நடந்து செல்வதைக் கண்டு கேலி பேசுவோரும் உளர். ஆனால் அந்த முதியவர்களில் பலருக்குத் தேவைப்படுவது நாற்காலி அன்று; அதைத் தள்ளி வரும் மனிதரே. இந்தப் பரந்த கட்டடத்தில் தம்மைச் சரியான வாயிலுக்குக் கொண்டு சேர்ப்பார் என்று அவர்கள் நம்பக்கூடிய ஒரேயொருவர் அவர்தான். மொழி தெரியாதவருக்கு வழிகாட்ட வேறு ஏற்பாடு எளிதில் கிடைக்காத இடத்தில், நடக்கக்கூடியவர் நடக்க முடியாதவராகத் தம்மைப் பதிவு செய்துகொள்ள நேர்கிறது. அதன் விளைவாக, உண்மையிலேயே நடக்க இயலாத நோயாளர்கள் நாற்காலிக்காகக் காத்துக்கிடக்க நேர்வதும் மறைக்க முடியாத உண்மையாகும்.

இந்நிலைக்கு யாரைக் குறை கூறுவது? 'படிப்பறிவில்லாத சனம்' என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவது எமது வழக்கம். பல்கலைக்கழகம் சென்று ஆங்கிலமும் பயின்ற இக்கட்டுரையாளரே, மாற்று விமானத்துக்கான வழியெனக் கருதி வெளியேறும் வழியில் நடந்து சென்று, குடிவரவு வரிசையின் பாதியில் தவறை உணர்ந்து திரும்பிய அனுபவம் உண்டு. எனவே வழி தவறுவதைத் தனிமனிதரின் அறியாமையாக மாத்திரம் கொள்ளாமல், பெரிய விமான நிலையம் எத்தகையது, அது யாரை மனதிற்கொண்டு அமைக்கப்பட்டது என்று சிந்திப்பது பயனுடையது.

முதலில் அதன் அளவைப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டில் லண்டன் ஹீத்ருவை முந்தி, சர்வதேசப் பயணிகளின் தொகையில் உலகில் முதலிடத்துக்கு வந்த டுபாய் விமான நிலையம், 2024ஆம் ஆண்டில் 9 கோடி 23 இலட்சம் பயணிகளைக் கையாண்டது. எமது நாட்டின் சனத்தொகை 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 2 கோடி 17 இலட்சமாகும். அதாவது, இலங்கையின் மக்கள் தொகையைப் போன்று நான்கு மடங்குக்கும் மேற்பட்டோர் ஒரே ஆண்டில் அந்த ஒரே நிலையத்தின் ஊடாகச் சென்றிருக்கின்றனர். இவர்களுள் பெருந்தொகையினர் டுபாய் நகரைப் பார்க்க வந்தவர்கள் அல்லர். ஒரு விமானத்தில் இறங்கி மற்றொன்றில் ஏறிச் செல்பவர்கள். டோஹா, இஸ்தான்புல், சிங்கப்பூர் ஆகிய நிலையங்களின் நிலையும் இதுவே. பல திசைகளிலிருந்து விமானங்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்திறங்கி, ஓரிரு மணித்தியாலங்களில் மீண்டும் பல திசைகளுக்குப் புறப்படும் வகையில் நேர அட்டவணை வகுக்கப்படுகிறது. நிறுவனங்களுக்கு இலாபம் தருவது இந்த ஏற்பாடே. ஆனால் பயணியைப் பொறுத்தவரை, ஆயிரக்கணக்கானோர் விரைந்து நடக்கும் அந்த ஓரிரு மணித்தியாலங்களுக்குள் தனது வாயிலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அதன் பொருளாகும்.

இத்தகைய இடங்களில் மொழி அறியாதவர் தடுமாறுவார் என்பதை உலகம் அறியாமல் இருக்கவில்லை. நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 1967ஆம் ஆண்டிலேயே மஞ்சள் நிறப் பலகைகளுடன் கூடிய ஒழுங்கான வழிகாட்டல் முறை ஏற்படுத்தப்பட்டது. பாரிஸ் அருகே ரொய்சியில் 1974ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சார்ள்ஸ் டி கோல் நிலையத்துக்கென, தூரத்திலிருந்தும் விரைந்து நடக்கும்போதும் வாசிக்கத்தக்க எழுத்துருவை அட்ரியன் புருட்டிகர் வடிவமைத்தார். அதே 1974ஆம் ஆண்டில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 34 படக்குறியீடுகள் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டது. 1979ஆம் ஆண்டில் மேலும் 16 சேர்க்கப்பட்டன. கழிப்பறை, தொலைபேசி, பயணப் பொதி, வாடகை வாகனம் என்பவற்றைக் குறிக்க இன்று உலகெங்கும் காணப்படும் உருவங்கள் பலவற்றின் மூலம் அதுவே. எந்த மொழியும் அறியாதவருக்கும் படம் புரியும் என்பதே அதன் அடிப்படை.

ஆயினும் படமும் ஒரு மொழிதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மூக்கை மேலே நிமிர்த்திய விமானம் புறப்பாட்டையும், கீழே சாய்த்த விமானம் வருகையையும் குறிக்கும் என்பது பல தடவை பயணம் செய்தவருக்கு வெளிப்படை. முதல் தடவை பயணம் செய்பவருக்கு இரண்டும் விமானமே. விமானத்தை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நாட்டுக்குள் நுழைவோருக்கானது. மற்றையது வேறு விமானத்துக்கு மாறுவோருக்கானது. எமது பயணிகள் தவறும் இடம் பெரும்பாலும் இந்தச் சந்திதான். கூட்டம் போகும் பக்கமே போவது மனித இயல்பு. கூட்டமோ பல வேளைகளில் ஊருக்குள் செல்லும் கூட்டமாக இருந்துவிடுகிறது.

அந்தச் சந்தியைச் சரியாகக் கடந்தாலும் சோதனைகள் முடிவதில்லை. மாற்று விமானத்துக்குச் செல்பவரும் மீண்டும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டியிருக்கும். 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் லண்டனில் அம்பலமான சதித்திட்டத்தின் பின்னர் திரவப் பொருட்களுக்கு விதிக்கப்பட்ட 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு, தளர்த்தப்பட்டுள்ள சில நிலையங்களைத் தவிர ஏனையவற்றில் தொடர்கிறது. முதல் விமானத்தில் கொடுத்த தண்ணீர்ப் போத்தலும் இங்கே பறிபோகும். போர்டிங் பாசில் அச்சிடப்பட்ட வாயில் இலக்கம் பின்னர் மாறக்கூடும். இறுதியானது திரையில் காட்டப்படுவதே. அந்தத் திரையில் விமானங்கள் நகரத்தின் பெயர் வரிசையில் அன்றிப் பெரும்பாலும் புறப்படும் நேரத்தின் வரிசையிலேயே இருக்கும். நேரமோ அந்த நாட்டின் நேரம். கையிலுள்ள கடிகாரம் கொழும்பு நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பயணச்சீட்டில் உள்ளது விமானம் புறப்படும் நேரமே அன்றி வாயில் மூடப்படும் நேரம் அன்று. ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு முன்னரே வாயிலை மூடிவிடும் நிறுவனங்கள் பல. வாயில் இருக்கும் கட்டடத்துக்குச் செல்லச் சில நிலையங்களில் உள்ளக ரயிலில் ஏறவும் நேரும். பயணப் பொதிகள் கடைசி நிலையம் வரை நேரே செல்லுமாறு பதியப்பட்டிருந்தால் இடையில் அவற்றைத் தேடத் தேவையில்லை. ஆனால் அமெரிக்காவுக்குள் செல்பவர், பொதுவாக அந்நாட்டில் முதலில் இறங்கும் நிலையத்தில் பொதிகளைத் தாமே எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். இவற்றுள் எதுவும் கடினமான விடயம் அன்று. ஆனால் எதுவும் தானாகத் தெரிந்துவிடும் விடயமும் அன்று.

முன்னர் ஒலிபெருக்கி அறிவிப்புகளாவது இருந்தன. ஊரின் பெயரோ தன் பெயரோ காதில் விழுந்தால் பயணி எழுந்து நிற்பார். இப்போது பெரிய நிலையங்கள் பலவும் 'அமைதி நிலையங்களாக' மாறிவிட்டன. மும்பை விமான நிலையம் 2015ஆம் ஆண்டு இம்முறைக்கு மாறியது. டுபாயிலும் வாயில் அழைப்புகள் ஒலிபெருக்கியில் விடுக்கப்படுவதில்லை. இரைச்சல் குறைந்தது நன்றே. ஆனால் அந்த அமைதி, திரையை வாசிக்கக்கூடியவரின் அமைதியாகும். கையடக்கத் தொலைபேசியில் செய்தி வரும் என்கிறார்கள். அதற்கு இணைய இணைப்பு வேண்டும், இணைப்பைப் பெறத் திரையில் கேட்கும் ஆங்கில வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் குறிப்பிட வேண்டும். 1947ஆம் ஆண்டு அயர்லாந்தின் ஷனன் விமான நிலையத்தில் தீர்வையற்ற கடையொன்று ஆரம்பிக்கப்பட்டபோது, அது கடல் கடந்து செல்லும் பயணிகளுக்கான சிறு வசதியாகவே இருந்தது. இன்று கடைகளிலிருந்து கிடைக்கும் வருமானம் பெரிய நிலையங்களின் உயிர்நாடிகளுள் ஒன்று. பாதுகாப்புச் சோதனையைக் கடந்ததும் நேரான வழி இராது; வாசனைத் திரவியங்களுக்கும் இனிப்பு வகைகளுக்கும் நடுவே வளைந்து செல்லும் பாதையே பல நிலையங்களில் எதிர்ப்படுகிறது. கடையின் விளக்குகள் பிரகாசிக்கும் இடத்தில் வாயிலைக் காட்டும் பலகை கண்ணில் படுவது அரிது. வழியைத் தேடுபவரும் வாடிக்கையாளரே என்று கருதி அமைத்த இடத்தில், வாங்க வராதவர் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

இந்தத் திகைப்பு எங்கு கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் நிகழ்ந்த துயரமே சாட்சி. 2007ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி பிற்பகல் போலந்திலிருந்து றொபேர்ட் ஜெகான்ஸ்கி என்ற நாற்பது வயதானவர் அங்கு வந்திறங்கினார். கனடாவில் வாழும் தாயுடன் குடியேற வந்தவர் அவர். போலிஷ் தவிர வேறு மொழி அறியாதவர். பயணப் பொதிகள் வரும் இடத்தில் நில், நான் அங்கு வருவேன் என்று தாய் சொல்லியிருந்தார். அவ்விடம் வெளியார் நுழைய முடியாத பகுதி என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. மகன் உள்ளே காத்திருந்தார். தாய் வெளியே காத்திருந்தார். இடையில் ஒரு சுவர். பல மணித்தியாலங்கள் விசாரித்தும் மகன் அங்கு இல்லையென்ற பொருள்பட்ட பதிலே கிடைத்ததால், தாய் இரவில் நீண்ட தூரம் பயணம் செய்து வீடு திரும்பிவிட்டார். ஏறக்குறைய பத்து மணித்தியாலங்கள் அந்த நிலையத்துக்குள் அலைந்து, களைத்து, குழம்பிய மகன் நள்ளிரவுக்குப் பின்னர் ஆவேசமுற்று நடந்துகொண்டார். அழைக்கப்பட்ட பொலிஸார் நால்வர், வந்து ஒரு நிமிடம் கழியுமுன்னரே மின்னதிர்வுக் கருவியைப் பிரயோகித்தனர். மறுநாள் அதிகாலை அவர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார்.

ஓய்வுபெற்ற நீதிபதி தோமஸ் பிரெய்ட்வுட் தலைமையிலான விசாரணைக்குழு 2010ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், அந்தப் பலப்பிரயோகம் நியாயப்படுத்த முடியாதது எனக் கண்டது. பொலிஸாரின் செயலே அந்த மரணத்தின் மையம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நள்ளிரவுக்கு முன்னைய பத்து மணித்தியாலங்களையும் மறந்துவிடலாகாது. போலிஷ் மொழி பேசும் ஒருவர், அல்லது நேரமெடுத்து விசாரிக்கும் ஒருவர் இடையில் வந்திருந்தால் பொலிஸார் அழைக்கப்பட்டிருக்கவே மாட்டார்கள். பின்னர் அந்த நிலையம் பயணிகள் வந்திறங்கும் பகுதியில் 24 மணிநேர உதவிச் சேவையையும் மொழிபெயர்ப்பு வசதிகளையும் விரிவுபடுத்தியது. ஓர் உயிர் போன பின்னர் கிடைத்த பாடம் அது.

கட்டடம் எவ்வளவு சிறந்ததாயினும் மனிதர்களின் உதவி இன்றி அது இயங்காது என்பதற்கு மற்றோர் உதாரணமும் உண்டு. ஹீத்ருவின் ஐந்தாவது முனையம் 430 கோடி பவுண் செலவில் அமைக்கப்பட்டு 2008ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. முதல் நாளே பயணப் பொதிகள் மலைபோல் குவிந்தன. தொடர்ந்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானப் பயணங்கள் இரத்தாகின. கணினிக் கோளாறுகள் ஒருபுறமிருக்க, புதிய கட்டடத்துடன் பணியாளர்கள் போதியளவு பரிச்சயம் பெற்றிருக்கவில்லை என்பதும் காரணமாகக் கூறப்பட்டது. வாகனத்தை எங்கு நிறுத்துவது, எவ்வழியே உட்செல்வது என்று அங்கு தொழில் புரிபவர்களே தடுமாறியிருக்கிறார்கள். சம்பளம் பெற்றுப் பணிபுரிபவர்களுக்கே அந்நிலை என்றால், வாழ்வில் முதல் தடவை விமானம் ஏறும் பசறையைச் சேர்ந்த ஒரு பெண்ணை, வழி தெரியவில்லை என்று ஏளனம் செய்ய எவருக்கு உரிமை இருக்கிறது?

மொழிக்கு அப்பால், எமது பயணிகளுக்கு மேலதிக சுமையொன்றும் உண்டு. பயணி விமான நிலையத்தை வாசிக்குமுன், விமான நிலையம் அவரது கடவுச்சீட்டை வாசித்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசாச் சட்டக்கோவையின்படி, சர்வதேச மாற்றுப் பகுதியைக் கடந்து செல்வதற்கே விசா பெறவேண்டிய 12 நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இடம்பெற்றுள்ளது. பிராங்பேர்ட்டிலோ பாரிஸிலோ நாட்டுக்குள் காலடி வைக்காமல், ஒரு வாயிலிலிருந்து மற்றொரு வாயிலுக்கு நடந்து செல்வதற்கே எமது கடவுச்சீட்டுக்கு அனுமதி தேவைப்படுகிறது. பிரித்தானியாவும் இலங்கையருக்கு இவ்வாறான விசாவை விதித்துள்ளது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா உடையோருக்கு விலக்குகள் உண்டெனினும், அவற்றின் நிபந்தனைகளை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னரும் சரிபார்க்க வேண்டும். மலிவான பயணச்சீட்டு என்று நம்பி வாங்கியவர், இந்த விதியை அறியாததால் கட்டுநாயக்கவிலேயே திருப்பி அனுப்பப்படும் ஆபத்து இருக்கிறது. இது போதாதென்று, ஐரோப்பிய ஒன்றியம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி முதல், வெளிநாட்டவரின் கைவிரல் அடையாளத்தையும் முகத்தையும் பதியும் புதிய எல்லைமுறையைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அதிகாரியின் இடத்துக்கு இயந்திரம் வருகிறது. அதிகாரி முகத்தைப் பார்த்தாவது நிலைமையை விளங்கிக்கொள்வார். இயந்திரத்திடம் அதனை எதிர்பார்க்க முடியாது.

இவை ஏதோ வசதி படைத்தோரின் உல்லாசப் பயணக் கவலைகள் என்று எண்ணுவது தவறு. பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழில் தேடி வெளிநாடு சென்றனர். வெளிநாடுகளில் உழைப்போர் 2024ஆம் ஆண்டில் நாட்டுக்கு அனுப்பிய தொகை 650 கோடி டொலர்களை விஞ்சியது. மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் மத்திய கிழக்குக்குச் செல்லும் பெண்களின் வியர்வையும் அதில் கலந்திருக்கிறது. அவர்களுள் பலருக்குக் கட்டுநாயக்க விமான நிலையமே வாழ்வில் கண்ட முதலாவது பெருங்கட்டடம். விமான நிலையத்தைப் பற்றிய அறிவு அவர்களுக்குப் பாதுகாப்பு சார்ந்த விடயமுமாகும். தனது கடவுச்சீட்டு தனது கையிலேயே இருக்க வேண்டும், தொழில் ஒப்பந்தத்தின் பிரதி தன்னிடமே இருக்க வேண்டும், சீருடையும் அடையாள அட்டையும் உள்ளவரிடமே உதவி கேட்க வேண்டும் என்பவற்றை அறிந்த பெண்ணை ஏமாற்றுவது கடினம். எதுவும் அறியாதவர், வழிகாட்ட முன்வரும் எவர் பின்னாலும் செல்வார்.

1985ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வோருக்குப் புறப்படுமுன் பயிற்சி அளிக்கிறது. சலவை இயந்திரத்தையும் சமையல் உபகரணங்களையும் இயக்கக் கற்பிப்பது அவசியமே. அதே பயிற்சியில் ஒரு முழு நாளை விமான நிலையத்துக்கென ஒதுக்கி, பலகைகளின் படங்களைக் காட்டி, மாற்று விமானத்துக்கான வழியைத் தமிழிலும் சிங்களத்திலும் நடித்துக் காட்டிப் பயிற்றுவிப்பதற்குப் பெருஞ்செலவு ஏற்படப் போவதில்லை. தொழிலாளரை ஏற்றிச் செல்வதால் விமான நிறுவனங்கள் வருமானம் பெறுகின்றன. அந்தப் பயணிகளின் மொழியில் ஒரு தாளை அச்சிட்டு வழங்குமாறு அவற்றிடம் அரசாங்கம் கேட்பதில் தவறேதும் இல்லை.

எமது சொந்த நிலையங்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கட்டுநாயக்கவில் பலகைகள் மும்மொழிகளிலும் உள்ளன என்பதை ஏற்க வேண்டும். ஆனால் பலகையில் மொழி இருப்பது வேறு. கருமபீடத்தில் மொழி இருப்பது வேறு. ஆவணத்தில் ஐயம் எழும்போதும், பொதியின் நிறை கூடும்போதும், விமானம் தாமதமாகும்போதும் பயணிக்கு வேண்டியது பலகை அன்று. தன் மொழியில் பதில் சொல்லும் ஒருவரே. ஆண்டொன்றுக்கு 60 இலட்சம் பயணிகளுக்கெனத் திட்டமிடப்பட்ட தற்போதைய முனையம் நெரிசலால் திணறுவது பழைய செய்தி. 2020ஆம் ஆண்டு பணிகள் ஆரம்பமாகி, 2022ஆம் ஆண்டு நெருக்கடியால் தடைப்பட்ட இரண்டாவது முனையம் நிறைவு பெறும்போது, கண்ணாடிச் சுவர்களுக்கும் கடைகளுக்கும் கொடுக்கும் முக்கியத்துவத்தை மும்மொழி உதவியாளர்களுக்கும் கொடுப்பார்களா என்பதே கேள்வி.

இங்கு பலாலியை நினைவுகூர்வது பொருத்தம். 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, கொவிட் காலத்தில் மூடுண்டு, 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் சென்னைக்கான சேவையுடன் மீண்டும் இயங்கத் தொடங்கிய அந்த நிலையம் மிகச் சிறியது. அங்கு வசதிகள் குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கு வரும் ஒரு முதியவர் தன் ஊர்த் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் காலால் நடந்து விமானம் ஏறுகிறார். மறுமுனையிலுள்ள சென்னை பெரிய நிலையமாயினும், அங்கும் தமிழில் கேட்க ஆள் உண்டு. அதே முதியவர் வளைகுடா நிலையமொன்றில் இறங்கியதும் சக்கர நாற்காலியைத் தேடுகிறார் என்றால், இடையில் அவரது கால்களுக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. மாறியது சூழல்தான்.

என்ன செய்யலாம்? முதலாவதாக, மொழி உதவி என்பதை நடக்க இயலாமையிலிருந்து பிரித்துத் தனியானதொரு சேவையாக விமான நிறுவனங்கள் வழங்க வேண்டும். பயணியைச் சந்தித்து அழைத்துச் செல்லும் ஏற்பாடு விமானத் துறைக்குப் புதியதன்று. பயணச்சீட்டைப் பதியும்போதே அதனைக் கேட்டுப் பார்க்கலாம்; கேட்போர் பெருகினால் அது பரவலாகும். நடக்கக்கூடியவர் நடப்பார், நாற்காலி அதற்கு உரியவருக்குச் சேரும். இரண்டாவதாக, எமது சனசமூக நிலையங்களும் நூலகங்களும் முதியோர் சங்கங்களும் மாதம் ஒரு தடவையேனும் வெளிநாடு செல்லவிருப்போருக்கு ஒரு மணிநேர விளக்கத்தை நடத்தலாம். ஊரில் போய் வந்தவர்கள் இல்லாத கிராமம் இன்று அரிது. அவர்களே ஆசிரியர்களாகலாம். மூன்றாவதாக, பயணச்சீட்டை அனுப்பும் பிள்ளைகள் அத்துடன் தமது கடமை முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. சில நூறு டொலர் மிச்சம் என்பதற்காக ஒரு மணிநேர இடைவெளியுடன் இரண்டு இடங்களில் விமானம் மாறும் பயணச்சீட்டை வயோதிபப் பெற்றோருக்கு வாங்கி அனுப்புவது சிக்கனம் ஆகாது. எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும், அங்கு தம்மால் நுழைய முடியுமா என்பதையும் முற்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். வான்கூவரில் ஒரு தாயும் மகனும் பிரிந்தது அந்த ஒரு விபரம் தெரியாததால்தான்.

அன்று சந்தித்த அம்மையாரின் போர்டிங் பாசைத் திரையுடன் ஒப்பிட்டபோது வாயில் மாறியிருந்தது. அடுத்த கட்டடத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவர் நடந்தே வந்தார். சொல்லப்போனால் எம்மைவிட வேகமாகவே நடந்தார். வாயிலை அடைந்ததும், "அங்கை இறங்கினாப்பிறகு என்ன கேக்கவேணும் எண்டு எழுதித் தாங்கோ தம்பி" என்றார். உறையொன்றின் பின்புறத்தில், தமிழ் எழுத்தில் நான்கு ஆங்கில வாக்கியங்களும், அவற்றுக்கு நேரே அவற்றின் பொருளும் எழுதிக்கொடுக்கப்பட்டன. எனக்குத் தமிழ் மாத்திரமே தெரியும். என் மகள் வெளியே நிற்கிறார். இது அவரது தொலைபேசி இலக்கம். தயவுசெய்து அவருக்கு அழைப்பு எடுங்கள் - அவ்வளவுதான். அவர் அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, கடவுச்சீட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதை எழுத ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு முதியவரின் கையிலும், ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் அத்தகைய ஒரு தாள் இருப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை. இலட்சக்கணக்கானோரை வெளியே அனுப்பி, அவர்கள் உழைத்து அனுப்பும் பணத்தில் தலைநிமிரும் ஒரு நாடு, அவர்கள் செல்லும் வழியைச் சொல்லிக் கொடுக்கவேனும் கடமைப்பட்டிருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் இதில் இனியாவது கவனம் செலுத்துவார்களா?